மிலிட்டரி லாரி எதையும் குடிக்கும், உங்கள் டீசல் கார் குடிக்காது

டீசல் பம்பும், எண்ணெயைப் பீய்ச்சும் நாசிலும் பிரித்துச் சரிசெய்வது எங்கள் பட்டறைத் தொழில். தப்பான எண்ணெய் ஊற்றிவிட்டு வண்டியைக் கட்டி இழுத்து வருகிறவர்களில் பலரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மிலிட்டரி வண்டியில பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எது ஊத்தினாலும் ஓடுதே, வீடியோல பார்த்தேன். இதுவும் டீசல் எஞ்சின்தானே?"

வீடியோவில் பார்த்தது பொய் இல்லை. அப்படிப்பட்ட எஞ்சின்கள் உண்டு. ஆனால் அதை ஓடவைக்க என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால், தன் காரில் யாரும் அதைச் சோதித்துப் பார்க்க மாட்டார்கள்.

அமெரிக்க ராணுவத்தின் எம்35ஏ2 லாரியை எடுத்துக்கொள்வோம். இரண்டரை டன் வண்டி, வியட்நாம் போர்க்காலத்திலிருந்து பல பத்தாண்டுகள் ஓடியது. கான்டினென்டல் நிறுவனம் வடிவமைத்த எல்டி-465 வரிசை எஞ்சின், ஆறு சிலிண்டர், 7.8 லிட்டர். டீசல், ஜெட் விமான எண்ணெய், மண்ணெண்ணெய், தேவைப்பட்டால் பெட்ரோல் என்று எல்லாவற்றிலும் ஓடும்.

டீசல் எஞ்சினில் பெட்ரோலை எரிப்பது ஏன் கஷ்டம்? ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கிச் சூடேற்றி, அதில் எண்ணெயைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ள வேண்டும். டீசல் சட்டென்று பற்றும். பெட்ரோலோ, தானாகப் பற்றக்கூடாது என்பதற்காகவே தயாரிக்கப்படுவது. அதனால் அது உடனே எரியாமல் உள்ளே சேர்ந்துகொண்டே போய், பிறகு மொத்தமாக ஒரே நேரத்தில் வெடிக்கும். அந்தத் தட்டலில் பிஸ்டன் ரிங்கே உடையலாம்.

கான்டினென்டல் இதற்கு இரண்டு வேலை செய்தது. ஒன்று, காற்றை இறுக்கும் விகிதத்தை 22:1 அளவுக்கு ஏற்றியது. இன்னொன்றுதான் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி. ஜெர்மனியின் மேன் நிறுவனத்தில் சீக்ஃப்ரீட் மாய்ரர் 1950களில் உருவாக்கிய முறையை உரிமம் பெற்று எடுத்துக்கொண்டது. பிஸ்டனின் தலையில் உருண்டையான ஒரு குழி இருக்கும். வழக்கமாக எண்ணெயைக் காற்றுக்குள் பீய்ச்சுவார்கள். இதில் குழியின் சுவர் மேலேயே பீய்ச்சுகிறார்கள். எண்ணெய் மெல்லிய படலமாகப் படரும். கொஞ்சம் மட்டும் முதலில் பற்றிக்கொள்ளும். மிச்சம், சுழன்றுவரும் சூடான காற்றில் படலத்திலிருந்து ஆவியாகக் கிளம்பக் கிளம்ப எரியும். மொத்தமாக வெடிப்பதற்கு உள்ளே எண்ணெய் சேர்வதில்லை. எந்த எண்ணெயானாலும் ஓரளவு நிதானமாக எரிவதற்கு இந்தக் குழிதான் காரணம்.

இத்தோடு முடியவில்லை. பம்ப் எண்ணெயை எடையால் அளப்பதில்லை, கொள்ளளவால் அளக்கிறது. ஒரு லிட்டர் டீசல் 830 கிராம் இருந்தால் பெட்ரோல் 740 கிராம்தான் வரும். அதே அளவு போனாலும் சக்தி குறைவு. போதாததற்குப் பெட்ரோல் தண்ணியாக இருப்பதால் பம்புக்குள் எண்ணெயைத் தள்ளும் தண்டான பிளஞ்சரின் ஓரமாகக் கசிந்துவிடும். அதனால் எண்ணெயின் தன்மையை உணர்ந்து, மெலிதாக இருந்தால் கூடுதலாக அனுப்பும் ஒரு தனிச் சாதனத்தைப் பம்பில் பொருத்தினார்கள். இந்த லாரிகளை இன்று சொந்தமாக வைத்திருப்பவர்களில் பலர், கசிவுத் தொல்லை தாங்காமல் அதைத் துண்டித்துவிட்டு வெறும் டீசலில் ஓட்டுகிறார்கள்.

இவ்வளவு செய்த பிறகும் அந்த லாரியின் கையேடு எல்லா எண்ணெயையும் சமமாகப் பார்க்கவில்லை. முதன்மை, மாற்று, அவசரம் என்று தரம் பிரித்துத்தான் வைத்தது. டீசல்தான் முதல் இடம். வேறு எதுவும் கிடைக்காத இடத்தில், வண்டியையும் ஆட்களையும் வெளியே கொண்டுவருவதற்கான வசதி அது. செலவு குறைக்கச் செய்த ஏற்பாடு இல்லை.

இந்தக் கதையில் ஆவடிக்கும் இடம் உண்டு. 1950களின் பிற்பகுதியில் நேட்டோ நாடுகள் டாங்கி எஞ்சின்கள் பல எரிபொருளில் ஓட வேண்டும் என்று முடிவெடுத்தன. அதற்காக பிரிட்டனில் பிறந்தது லேலண்ட் எல்60. ஆறு சிலிண்டர், ஒவ்வொன்றிலும் எதிரெதிரே இரண்டு பிஸ்டன், மேலும் கீழுமாக இரண்டு கிராங்க். சிலிண்டர் ஹெட்டும் வால்வும் கிடையாது. காகிதத்தில் அருமையான எஞ்சின். பிரிட்டனின் சீஃப்டன் டாங்கியில் அது பட்ட பாடு பெரிது: லைனர் கோளாறு, ஆயில் கசிவு, எதிர்பார்த்த சக்தி வராதது என்று பல ஆண்டுகள் திருத்திக்கொண்டே இருந்தார்கள். 1965 முதல் ஆவடியில் உருவான விஜயந்தா டாங்கிக்கும் எல்60 தான் எஞ்சின்.

அப்புறம் ராணுவங்களே யோசனையை மாற்றிக்கொண்டன. எதையும் எரிக்கும் எஞ்சின் செய்து திணறுவதைவிட, எல்லா வண்டிக்கும் விமானத்துக்கும் ஒரே எண்ணெயைக் கொண்டுபோகலாம் என்று 1980களில் நேட்டோ ஜெட் எண்ணெய் பக்கம் போனது. அதிலும் சிக்கல் வந்தது. 1990-91 வளைகுடாப் போரில், மெலிதான அந்த எண்ணெயில் ஓடிய டீசல் வண்டிகளில் ரோட்டரி பம்புகள் சீக்கிரம் தேய்ந்தன, சூடான எஞ்சின் மறுபடி ஸ்டார்ட் ஆக மறுத்தது. மண்ணெண்ணெய் கலந்து ஓட்டிய பழைய லாரிகளில் நாங்கள் பார்த்ததும் அச்சு அசலாக இதேதான். காலையில் கிளம்பும், டீக்கடையில் நிறுத்தி எடுத்தால் கிளம்பாது. பிளஞ்சரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால், கண்ணாடிபோல் இருக்க வேண்டிய இடத்தில் நீளவாக்கில் மங்கலான கோடுகள். டீசலின் வழவழப்புதான் அதற்கு ஆயில். மண்ணெண்ணெயில் அது போதாது.

சரி, இப்போது உங்கள் காருக்கு வருவோம். பழைய டீசல் வண்டிகளில் இருந்த மிக்கோ கம்பெனி இன்லைன் பம்ப், நாசிலை ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் திறக்கும். தப்பான எண்ணெயைக் கொஞ்ச நாள் தாங்கியும் விடும். எல்லா இன்ஜெக்டருக்கும் 'ரெயில்' என்ற ஒரே குழாயிலிருந்து எண்ணெய் தரும் இன்றைய காமன் ரெயில் எஞ்சின் 1600, 2000 பார் என்று போகிறது. பம்புக்குள் இரும்போடு இரும்பு உரசாமல் காப்பது டீசல் படலம் ஒன்றுதான். பெட்ரோல் அந்தப் படலத்தைக் கழுவிவிடும். உடனே பம்ப் இரும்புத்தூள் கக்க ஆரம்பிக்கும். அந்தத் தூள் ரெயிலுக்குப் போய், இன்ஜெக்டருக்குப் போய், ரிட்டர்ன் லைன் வழியாக டேங்குக்கே திரும்பி வரும். பம்பை மட்டும் மாற்றினால், டேங்கில் கிடக்கும் தூள் புதுப் பம்பையும் தின்றுவிடும். செலவு லட்சத்தைத் தொடுவது இதனால்தான்.

எனவே, பங்க்கில் பெட்ரோல் ஊற்றிவிட்டார்கள் என்று தெரிந்த நொடியில் சாவியைத் திருப்பாதீர்கள். ஸ்டார்ட் பண்ணாமல் இக்னிஷன் போட்டாலே பல கார்களில் டேங்குக்குள் இருக்கும் மின்பம்ப் ஓட ஆரம்பித்து எண்ணெயை முன்னால் தள்ளிவிடும். நியூட்ரலில் போட்டு ஓரமாகத் தள்ளுங்கள். "அஞ்சு லிட்டர்தான் சார், மேல டீசல் ஃபுல் பண்ணா சரியாயிடும்" என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். அதே இடத்தில் டேங்கைக் காலி செய்தால், பெரும்பாலும் புது ஃபில்டர் செலவோடு போய்விடும்.

ஓட்டிவிட்டீர்களா? அப்போது இன்ஜெக்டர் மாற்றச் சம்மதிப்பதற்கு முன், ஃபில்டரில் இருக்கும் எண்ணெயை உங்கள் கண்ணெதிரே வெள்ளைத் துணியில் ஊற்றச் சொல்லுங்கள். வெயிலில் திருப்பிப் பாருங்கள். மினுமினுப்பு இல்லையென்றால், சுத்தம் செய்து புது டீசலில் ஓட்டிப் பார்க்கலாம். மினுங்கினால், பம்ப், ரெயில், இன்ஜெக்டர், லைன், டேங்க் எல்லாவற்றையும் பார்க்காமல் விடக்கூடாது.

வடித்த கலவையை வீணாகிறதே என்று பழைய லாரியிலோ ஜெனரேட்டரிலோ ஊற்ற வேண்டாம். கொஞ்சம் பெட்ரோல் கலந்தாலே டீசல் டேங்குக்கு மேலே தீப்பிடிக்கும் ஆவி நிற்கும். வெறும் டீசல் என்று நினைத்துப் பக்கத்தில் வெல்டிங் வைப்பார்கள். மூடியுள்ள இரும்பு கேனில் ஊற்றி, "பெட்ரோல் கலந்தது" என்று எழுதி, பழைய எண்ணெய் எடுக்க உரிமம் உள்ளவரிடம் கொடுங்கள்.