தண்ணீரில் கிழிக்காத கோடு

கொங்கு நாட்டில் பந்தயம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது ரேக்ளாதான். 200 அல்லது 300 மீட்டரை அளந்து, மண்ணில் கோடு கிழித்து, அதற்குப் பின்னால் காளைகளை நிறுத்திப் பிடித்து, பிறகு விடுவார்கள். பாய்மரப் படகுப் பந்தயத்தில் அந்தக் கோடும் இல்லை, நிறுத்திப் பிடிக்க வழியும் இல்லை. நடுவர் படகின் கொடிக்கம்பத்துக்கும் தொலைவில் மிதக்கும் ஒரு மிதவைக்கும் இடையே, பார்வையால் இழுக்கப்படும் நேர்கோடே தொடக்கக் கோடு.

ஆடி மாதத்தில் உடுமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை நோக்கி மேற்கே முகம் திருப்பி நிற்கும் காற்றாலைகளை நினைத்துக்கொள்ளுங்கள். அவை பார்க்கும் திசையில்தான் பந்தயத்தின் முதல் கட்டம் வழக்கமாக அமையும். கோடு அதற்குக் குறுக்காக இடப்படும். காற்றுக்கு நேர் எதிரே பாய் இழுக்காது என்பதால், படகுகள் காற்றுக்கு ஏறத்தாழ 45 பாகைச் சாய்வில், வளைந்து வளைந்து முன்னேறும். 100 மீட்டர் நீளக் கோடு 5 பாகை மட்டும் சாய்ந்துவிட்டால், அதன் ஒரு முனை மற்றதைவிட ஏறக்குறைய 9 மீட்டர் காற்றுக்கு அருகில் போய்விடும். அந்த முனையில் படகுகள் முண்டியடிப்பதில் வியப்பில்லை.

தொடக்கத்துக்கு 5 நிமிடம் முன்பு எச்சரிக்கைக் கொடியும், 4 நிமிடம் முன்பு ஆயத்தக் கொடியும் ஏறும். ஒரு நிமிடம் இருக்கும்போது ஆயத்தக் கொடி இறங்கும். கடைசியில் எச்சரிக்கைக் கொடி இறங்கும் கணமே தொடக்கம். கூடவே ஒலியும் எழுப்பப்படும் என்றாலும், விதிப்படி நேரம் கொடியைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் செல்லும். கோட்டின் மறுமுனையில் இருப்பவருக்கு அது பிந்தியே கேட்கும்.

அந்தக் கணத்திலோ அதற்குப் பின்னரோ படகின் உடல் முழுவதும் கோட்டுக்குப் பின்னால் இருந்திருக்க வேண்டும். அதன் பிறகு உடலின் ஏதேனும் ஒரு பகுதி கோட்டைக் கடந்தால் படகு புறப்பட்டதாகும். முந்திவிட்ட படகு இருந்தால், வெள்ளையில் நீலச் சிலுவை கொண்ட எக்ஸ் கொடி ஓர் ஒலியுடன் ஏறும். யார் முந்தினார் என்று கொடி சொல்லாது. ஓட்டுநரே உணர்ந்து, மற்றவர்களுக்கு வழிவிட்டுத் திரும்பி வந்து, மீண்டும் புறப்பட வேண்டும். இவ்விளையாட்டின் நேர்மை முழுவதும் இங்கேதான் சோதிக்கப்படுகிறது என்பது என் எண்ணம்.

கோட்டின் நடுவில் இருப்பவருக்கு இரு முனைகளையும் ஒரே பார்வையில் காண முடியாது. அஞ்சிப் பின்தங்குவார், அதனால் படகு வரிசை நடுவில் தொய்ந்துவிடும். இதற்கு மருந்தாக, மிதவைக்கு நேர்பின்னே கரையில் தெரியும் ஒரு மரத்தையோ கட்டடத்தையோ முன்கூட்டியே குறித்துக்கொள்வார்கள்.

முடிவுக் கோட்டில் கணக்கு இளகிவிடுகிறது. உடலின் நுனி கோட்டைத் தொட்டாலே போதும்; முழுவதும் கடக்கத் தேவையில்லை. 2021-க்கு முன்பு இயல்பான இடத்தில் இருக்கும் பாய், கருவி, ஆள் ஆகியவையும் கணக்கில் சேர்ந்தன. அதனால் முன்னே புடைத்து நிற்கும் பெரிய பாய்கூட ஒரு படகை முந்த வைக்கலாம். இப்போது உடல் மட்டுமே கணக்கு.

ஆனால் முடிவுக் கோட்டைக் கடந்தாலே பந்தயத்தை ஓடியதாகிவிடாது. படகு சென்ற தடத்தை ஒரு நூலாக எண்ணி இறுக்கி இழுத்தால், அது ஒவ்வொரு மிதவையையும் உரிய பக்கத்தில் கடந்திருக்க வேண்டும் என்கிறது விதி. ஒரு மிதவையைத் தவறான பக்கமாகச் சுற்றியவர், தறியில் பிசகிய இழையைப் பிரிப்பதுபோல், வந்த வழியே நூலைப் பிரித்துவிட்டுச் சரியாகச் சுற்றலாம். ஆனால் அதை முடிவுக் கோட்டைக் கடப்பதற்கு முன்பே செய்துவிட வேண்டும். கடந்த பிறகு நினைவு வந்தால், முதலில் வந்திருந்தாலும் அந்த இடம் அவருக்கு இல்லை.