பயோ ரெசினா, தாவரப் பசையா?

திருநெல்வேலியில் பிளைவுட் கடைக்குப் போனால், "அண்ணாச்சி, இது பினால் பாண்டு, தண்ணி பட்டாலும் விடாது" என்று ஒரு பலகையைத் தட்டிக் காட்டுவார்கள். ஃபீனால் என்ற வேதிப்பொருளில் செய்த பசையால் ஒட்டியது என்று அர்த்தம். பலகைத் தொழில் பற்றிய செய்திகளில் இப்போது 'பயோ ரெசின்' என்ற சொல்லும் அடிபடுகிறது. மரத்தாள்களையோ மரத்துகளையோ பலகையாக ஒட்டுவதற்குச் செடிகொடிகளின் மாவு, புரதம், துவர்ப்புச் சத்து (டானின்), மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் போன்றவற்றிலிருந்து செய்யும் ஒட்டுப்பொருள் என்பது அதன் பொருள்.

ரெசின் லத்தீன் வழி வந்த சொல். முதலில் மரத்திலிருந்து வடியும் ஒட்டும் கசிவைத்தான் குறித்தது. ஆலையில் செய்த செயற்கைப் பொருளுக்கும் அந்தப் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது. அதனால் அகராதிகள் அதைப் 'பிசின்' என்கின்றன. வேர் பார்த்தால் சரிதான். ஆனால் நம் பேச்சில் பிசின் என்றால் முருங்கையிலும் வேம்பிலும் தானாகக் கசிந்து உறைவது. 'தாவரப் பிசின்' என்று எழுதினால் படிப்பவர் மனதில் வேப்பமரம்தான் வரும், ஒட்டுப்பலகை வராது.

பசை என்பது மனிதர் கலந்து காய்ச்சிச் செய்வது. நல்ல பழைய சொல். ஒட்டும் தன்மை, ஈரம், அன்பு எல்லாம் அதற்குள் உண்டு. 'பசையுள்ள பார்ட்டி' என்றால் துட்டு உள்ளவர் என்பது சொல்லாமலே விளங்கும். ஆசாரிகள் ஒருகாலத்தில் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த வச்சிரத்தைத்தான் மரம் ஒட்டப் பயன்படுத்தினார்கள். அந்தப் பெயர் வடமொழி. கோந்து இந்துஸ்தானி வழி வந்தது.

செடியிலிருந்து பசை எடுப்பது இங்கே புதிதல்ல. புளியங்கொட்டையை வறுத்து, கருந்தோலை உடைத்து நீக்கி, உள்ளிருக்கும் வெள்ளைப் பருப்பை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சினால் கூழ் பளபளவென்று இறுகும். நூலுக்குக் கஞ்சி போடவும் பொம்மை செய்யவும் அது உதவியது. கழித்துப்போட்ட தோலிலும் துவர்ப்புச் சத்து இருக்கிறது, அதுவும் பசைக்கு ஆகும்.

அப்புறம் ஏன் ஆலைகள் ஃபார்மால்டிஹைடு என்ற வேதிப்பொருளில் செய்யும் பசைகளின் பக்கம் போயின? தண்ணீர்தான் காரணம். மாவுப்பசை ஈரத்தை இழுத்து நெகிழும், பூஞ்சை பிடிக்கும். பைண்டிங் கடையில் மைதாப் பசையில் மயில்துத்தம் கலப்பது பூச்சி, பூஞ்சைக்குப் பயந்துதான். யூரியா ஃபார்மால்டிஹைடு பசையோ விலை மலிவு, சூட்டு அழுத்தத்தில் சட்டென்று இறுகும். ஆனால் வெக்கையிலும் ஈரத்திலும் பலகையிலிருந்து ஃபார்மால்டிஹைடு ஆவி கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். 2004-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று வகைப்படுத்தியது.

மாற்றுகளும் இருக்கின்றன. அமெரிக்காவில் 1920-களிலேயே சோயா மாவுப் பசையில் ஒட்டுப்பலகை செய்தார்கள். தென்னாப்பிரிக்காவில் வாட்டில் என்னும் வேல் வகை மரத்தின் பட்டைத் துவர்ப்பில் செய்த பசை 1970-களில் ஆலைக்கே வந்துவிட்டது. நம் தேரிக்காட்டு ஓரங்களில் மஞ்சளாய்ப் பூத்து நிற்கும் ஆவாரையின் பட்டையும் தோல் பதனிட உதவிய துவர்ப்புப் பட்டைதான்.

இதில் ஒரு சூது உண்டு. துவர்ப்புப் பசையை இறுக்குவதற்குப் பல இடங்களில் ஃபார்மால்டிஹைடையே சேர்க்கிறார்கள். அதையும் 'பயோ' என்று சொல்லிவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள்? நம் வழக்கிலோ மைதாப் பசை, புளியங்கொட்டைப் பசை என்று எதில் செய்ததோ அதன் பெயரே முன்னால் நிற்கும். பொதுப்பெயராகத் 'தாவரப் பசை' போதும். பலகைமேல் எழுதும்போது சோயாப் பசை, பட்டைத் துவர்ப்புப் பசை என்று மூலத்தைச் சொல்லி, இறுக்கியது எதனால் என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.