நிறவெறி வழக்கில் வென்றால் வக்கீல் கட்டணம் யார் தலையில்?

அமெரிக்க நீதிமன்றங்களில் பழைய விதி ஒன்று உண்டு. வழக்கில் வென்றாலும் தோற்றாலும் அவரவர் வக்கீல் கட்டணம் அவரவர் பொறுப்பு. கடன் பாக்கி, வியாபாரத் தகராறு என்றால் இதைச் சமாளித்துவிடலாம். வென்றவர் கையில் பணம் வந்து சேரும், அதில் வக்கீலுக்கும் கொடுக்கலாம். தோல் நிறத்தைப் பார்த்து வாசலிலேயே நிறுத்தப்பட்டவர் வழக்குப் போட்டால்? அவருக்குக் கிடைப்பது 'இவரையும் உள்ளே விடு' என்ற உத்தரவு மட்டும்தான். அந்தத் தாளை வக்கீலுக்குக் கட்டணமாகக் கொடுக்க முடியாது.

தெற்குக் கரோலினாவில் 'பிகி பார்க்' என்ற பெயரில் இறைச்சி உணவகங்கள் இருந்தன. கறுப்பின மக்கள் சமையலறை ஜன்னலில் நின்று உணவு வாங்கிக்கொண்டு போகலாம். அங்கே இருந்து சாப்பிடக் கூடாது. இப்படிப்பட்ட நிறபேதத்தைத் தடைசெய்த சிவில் உரிமைச் சட்டம் 1964 ஜூலை 2 அன்று கையெழுத்தான பிறகும் உரிமையாளர் அசையவில்லை. எல்லோருக்கும் ஒன்றாகப் பரிமாறுவது தன் மத நம்பிக்கைக்கு விரோதம் என்றுகூட வாதாடிப் பார்த்தார். கறுப்பின வாடிக்கையாளர்கள் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனபோது அங்கே கேள்வி ஒன்றுதான்: வென்றவர்களின் வக்கீல் செலவை யார் கொடுப்பது?

1968இல் வந்த தீர்ப்பு சில பக்கங்களே. சிவில் உரிமைச் சட்டத்தில் உணவகம், விடுதி போன்ற பொது இடங்களைப் பற்றிய அத்தியாயத்தின் கீழ் வழக்காடுபவர் இழப்பீடு கேட்க முடியாது. அவர் தனக்காக மட்டும் வாதாடவில்லை, ஊருக்காகவும் வாதாடுகிறார். அரசு வழக்கறிஞர் செய்ய வேண்டிய வேலையைத் தனி ஆளாகச் செய்கிறார். ஆகவே அவர் வென்றால், விசேஷக் காரணம் இருந்தாலொழிய, எதிர்த்தரப்பே கட்டணம் தர வேண்டும் என்றது நீதிமன்றம்.

அதற்கு முன்பு இந்தச் செலவை யார் சுமந்தார்கள்? பெரும்பாலும் நன்கொடையில் நடந்த அமைப்புகள். கறுப்பின வக்கீல் தர்குட் மார்ஷல் 1940இல் தொடங்கிய 'சட்டப் பாதுகாப்பு நிதி' என்ற அமைப்புதான் 1954இல் பள்ளிகளில் நிறப் பிரிவினையை வீழ்த்திய வழக்குகளை நடத்தியது. அந்தப் பணப்பையும் வக்கீல் படையும்தான் சிவில் உரிமை இயக்கத்தின் உயிர் என்பது எதிரிகளுக்கு நன்றாகத் தெரியும். வர்ஜீனியா மாநிலம் 1956இல், அமைப்புகள் வக்கீல்களை அமர்த்தி வழக்கு நடத்துவதையே குற்றமாக்கப் பார்த்தது. 1963இல்தான் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. சிலைகளும் உரைகளும் நினைவில் நிற்கின்றன. வக்கீல் கட்டணத்தைச் சுற்றி நடந்த இந்த மல்லுக்கட்டு பாடப்புத்தகங்களில் அநேகமாக இடம்பெறுவதில்லை.

இப்போது விதிக்கு வருவோம். சட்டத்தில் எழுதியிராத கட்டணத்தை நீதிமன்றம் தானாக வழங்கக் கூடாது என்று 1975இல் உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. மறுவருடமே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ், சிவில் உரிமை வழக்குகளுக்கான வக்கீல் கட்டணச் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டத் தொகுப்பில் 42ஆம் தலைப்பு, 1988ஆம் பிரிவு. (1988 என்பது பிரிவின் எண், பலர் வருடம் என்று மயங்குகிறார்கள்.) வென்ற தரப்புக்கு நியாயமான வக்கீல் கட்டணத்தை நீதிமன்றம் வழங்கலாம் என்பதே அதன் சாரம். அரசு அதிகாரிகளின் அத்துமீறலுக்கு எதிராக 1871ஆம் வருடச் சட்டத்தின் கீழ் போடப்படும் வழக்கு, ஒப்பந்தத்தில் நிறபேதம் காட்டியதற்கு 1866ஆம் வருடச் சட்டத்தின் கீழ் போடப்படும் வழக்கு இரண்டும் இதில் அடங்கும். வேலை, வீட்டு வாடகை தொடர்பான சட்டங்களில் கட்டண விதி தனியாகவே இருக்கிறது.

எவ்வளவு கிடைக்கும்? வேலைக்குத் தேவைப்பட்ட நியாயமான மணிநேரத்தை, அந்த வட்டாரத்தில் நடப்பில் உள்ள மணிக்கூலியால் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். கலிபோர்னியாவின் ரிவர்சைடு நகரில் 1975 ஆகஸ்டில் ஒரு வீட்டு விருந்துக்குள் போலீஸார் வாரண்ட் இல்லாமல் கண்ணீர்ப்புகையோடு புகுந்தார்கள். மெக்சிகோ வம்சாவளியினர் எட்டுப் பேர் வழக்குப் போட்டு வென்றார்கள். இழப்பீடு 33,350 டாலர். வக்கீல்கள் உழைத்தது 1,946.75 மணி, மணிக்கு 125 டாலர், உதவியாளர் 84.5 மணி, மணிக்கு 25 டாலர். கூட்டினால் 2,45,456 டாலர் 25 சென்ட். இழப்பீட்டைப் போல ஏழு மடங்குக்கு மேல். நகராட்சி கொதித்தது. 1986இல் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் அந்தக் கட்டணத்தை அப்படியே நிலைநிறுத்தியது. எனக்கு அதில் தவறு தெரியவில்லை. கட்டணத்தை இழப்பீட்டோடு கட்டிப்போட்டால் சின்ன அவமானத்துக்கு எந்த வக்கீலும் கோப்பைத் திறக்க மாட்டார்.

தோற்றால் எதிர்த்தரப்பின் கட்டணம் நம் தலையில் விடியுமா என்ற பயம் எல்லோருக்கும் வரும். 1978ஆம் வருடத் தீர்ப்பு அதற்கு ஓரளவு காப்பு. வழக்கு அடியோடு ஆதாரமற்றதாக இருந்தால் மட்டுமே வாதி கட்ட வேண்டியிருக்கும். தோற்றது மட்டும் காரணமாகாது.

ஆனால் 'வென்றவர்' என்ற சொல்லை நீதிமன்றங்கள் வரவர இறுக்கிவிட்டன. வழக்குக்குப் பயந்து எதிர்த்தரப்பு தானாகவே திருந்திக்கொண்டால் அது வெற்றியாகாது. தீர்ப்போ, நீதிமன்றம் பதிவுசெய்த சமரசமோ வேண்டும் என்று 2001இல் சொல்லப்பட்டது. 2025 பிப்ரவரியில் இன்னொரு முடிச்சு விழுந்தது. அபராதம் கட்டாததால் வர்ஜீனியாவில் ஓட்டுநர் உரிமம் இழந்தவர்கள், உரிமத்தைப் பறித்த சட்டத்துக்கு எதிராக இடைக்காலத் தடை வாங்கியிருந்தார்கள். விசாரணைக்கு முன்பே மாநிலம் அந்தச் சட்டத்தை நீக்கிவிட்டது. இடைக்காலத் தடை மட்டும் இருந்தால் கட்டணம் இல்லை என்றது உச்ச நீதிமன்றம். தோற்கப்போகும் அரசு கடைசி நேரத்தில் சட்டத்தை மாற்றிக் கட்டணத்திலிருந்து நழுவிவிடலாம் என்பதே இதன் நடைமுறைப் பொருள்.

சமரசத்திலும் கவனம் தேவை. கட்டணத்தை விட்டுக்கொடுத்தால் மற்ற எல்லாம் தருகிறோம் என்று எதிர்த்தரப்பு பேரம் பேசலாம். 1986ஆம் வருடத் தீர்ப்பு ஒன்று அதை அனுமதிக்கிறது. ஆகவே கட்சிக்காரரும் வக்கீலும் தொடக்கத்திலேயே இதை எழுத்தில் பேசி முடித்துக்கொள்வது நல்லது. பெயருக்கு ஒரு டாலர் இழப்பீடு வாங்கி வென்றால் கட்டணம் ஒன்றுமே இல்லாமலும் போகலாம். 17 மில்லியன் டாலர் கேட்டு ஒரு டாலர் பெற்ற ஒருவருக்கு 1992இல் அப்படித்தான் ஆயிற்று. வக்கீல் வைக்காமல் தானே வாதாடி வென்றவருக்கும் இந்த விதியில் பங்கில்லை.

கட்டணம் தானாக வந்து சேராது, மனுப் போட வேண்டும். கூட்டாட்சி நீதிமன்றத்தில், வேறு உத்தரவு இல்லாவிட்டால், தீர்ப்பு பதிவான 14 நாளுக்குள் போட வேண்டும். என்றைக்கு எத்தனை மணி, என்ன வேலை என்று நாள்வாரியாக எழுதிய குறிப்பும் கூடவே வேண்டும். குறிப்பு மோசமாக இருந்தால் நீதிபதி மணிகளை வெட்டிவிடுவார்.