சுகமாகிவிட்டதா? மாத்திரையை நிறுத்தும் முன் வந்து காட்டுங்கள்

தென்மாவட்டத்தில் பொது மருத்துவராக வேலை பார்க்கிறேன். என்னிடம் வருகிறவர்களில் கிறிஸ்தவர்கள் நிறையப் பேர். நானும் சபையில் வளர்ந்தவள்தான், ஜெபிக்கிறவள்தான். வட்டாரத்தில் பெரிய சுகமளிக்கும் கூட்டம் ஒன்று நடந்தால், அடுத்த சில வாரங்களில் மாத்திரையை நிறுத்திவிட்டவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்குவார்கள். சிலர் நடந்து வருவார்கள், சிலரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்காகவும், அவர்களுக்கு ஜெபிக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். பள்ளிக்கூடம் போகிற வயது. டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்து இன்சுலின் ஆரம்பித்தோம். இரண்டு மாதத்தில் தேவைப்படுகிற அளவு மளமளவென்று குறைந்தது. காலையில் பார்த்தால் சுகர் 100, 110 என்று அழகாக நிற்கிறது. அந்தச் சமயத்தில் அம்மா அவனை உபவாச ஜெபத்துக்கு அழைத்துப் போயிருக்கிறார். எண்ணெய் பூசி ஜெபித்தார்கள். அடுத்த நாளும் சுகர் சரியாகவே இருந்தது. கூட்டத்தில் பக்கத்தில் இருந்த ஒருவர், “இன்னும் ஊசி போட்டா ஆண்டவர நம்பலன்னுதானே அர்த்தம்?” என்று கேட்டிருக்கிறார். அன்றோடு ஊசி நின்றது. சோதித்துப் பார்ப்பதும் சந்தேகப்படுவதுதான் என்று குளுக்கோமீட்டரையும் பீரோவுக்குள் வைத்துவிட்டார்கள்.

முதல் சில நாட்கள் ஒன்றும் தெரியவில்லை. அப்புறம் தாகம், அடிக்கடி சிறுநீர். பிறகு வாந்தி, வயிற்றுவலி. பையனைக் கொண்டுவந்தபோது ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். வாயில் அழுகிய பழவாடை. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கிறான், உடனே மூடிக்கொள்கிறான். இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பை எரித்து, ரத்தத்தையே அமிலமாக்கிக்கொண்டிருக்கும் நிலை அது. கீட்டோஅசிடோசிஸ் என்போம். பையன் பிழைத்துக்கொண்டான்.

அந்த இரண்டு மாத நல்ல சுகருக்குக் காரணம் என்ன? டைப் 1 நோயில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை உடலின் எதிர்ப்புச் சக்தியே அழிக்கிறது. நோய் வெளியே தெரியும் நேரத்தில் கொஞ்சம் செல்கள் மிச்சமிருக்கும். ஊசி போட ஆரம்பித்ததும் அவற்றின் பாரம் குறைந்து, சற்றே தெளிந்து, மறுபடி சுரக்கத் தொடங்கும். இதை ‘ஹனிமூன் பீரியட்’ என்று டாக்டர்கள் சொல்வோம். சில வாரங்கள், சில மாதங்கள், சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். பிறகு முடிந்துவிடும். அப்போது இன்சுலின் இல்லையென்றால் உயிர் இல்லை. புதிதாக டைப் 1 வந்த குழந்தைகளின் பெற்றோர் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் ஜெபித்துக்கொண்டிருக்கும் அதே மாதங்களில்தான் இது நடக்கும்.

பையன் தேறிய பிறகு அந்த அம்மா என்னிடம் கேட்டார்: “அப்போ ஆண்டவர் எங்கள கைவிட்டுட்டாரா டாக்டர்?” இல்லை என்றேன். 1922இல் டொராண்டோவில் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இன்சுலின் போடப்பட்டது. அதற்கு முன்பு இந்த நோய் வந்த பிள்ளைகள் எலும்பும் தோலுமாகி, பெரும்பாலும் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். எத்தனை தாய்மார் எத்தனை மொழிகளில் அழுது ஜெபித்திருப்பார்கள்! உங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிற அந்தச் சின்ன பாட்டில் அவர்களுடைய ஜெபத்துக்கும் கிடைத்த பதில் என்றுதான் நான் நம்புகிறேன் என்று சொன்னேன்.

மருந்தை நிறுத்துவதில் உள்ள பெரிய ஆபத்து, நிறுத்தியதும் ஒன்றும் ஆகாமல் இருப்பதுதான். தைராய்டு மாத்திரையை விட்டால் உடலில் உள்ள மருந்து பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். சோர்வும் வீக்கமும் மெல்லத்தான் வரும், அதற்குள் சபையில் சாட்சி சொல்லி முடித்திருப்பார்கள். ரத்த அழுத்தம் ஏறுவது பலருக்குத் தெரியவே தெரியாது, பக்கவாதம் வந்துதான் தெரியும். காசநோய்க்கு ஆறு மாத மருந்து என்றால், முதல் சில வாரங்களிலேயே இருமலும் காய்ச்சலும் விட்டுவிடும். அப்போது நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறி வரலாம், வீட்டில் மற்றவர்களுக்கும் பரவலாம். இதய வால்வு மாற்றியவர் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையை விட்டால் வால்விலேயே ரத்தம் கட்டலாம். நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் ஒரேயடியாக நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம். எல்லாவற்றிலும் இடையில் சில ‘நல்ல நாட்கள்’ உண்டு. அந்த நாட்களை வைத்துத்தான் பலர் முடிவெடுக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. மூட்டுவாதம், ஆஸ்துமா, ஒற்றைத் தலைவலி போன்றவை தாமாகவே ஏறும், இறங்கும். வலி உச்சத்தில் இருக்கும்போதுதான் நாம் கூட்டத்துக்குப் போகிறோம். உச்சத்துக்குப் பிறகு இறக்கம் வருவது இயல்பு. ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து பாடும்போது வலி குறைவதும் உண்மை. பொய் சொல்கிறார்கள் என்று நான் நினைப்பதில்லை. மேடையில் ஊன்றுகோலை வைத்துவிட்டு நடக்கிறவர் அந்த நேரத்தில் உண்மையிலேயே வலி குறைந்துதான் நடக்கிறார். உள்ளே மூட்டு அரிப்பது நின்றிருக்கிறதா என்பது வேறு கேள்வி.

அந்த வேறு கேள்விக்கு வேதாகமமே வழி காட்டுகிறது என்பது என் எண்ணம். லூக்கா 17ஆம் அதிகாரத்தில் பத்துக் குஷ்டரோகிகள் தூரத்தில் நின்று கூப்பிடுகிறார்கள். இயேசு அவர்களிடம், “நீங்கள் போய், ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்” என்கிறார். ஆசாரியன் அங்கே என்ன செய்வான்? லேவியராகமம் 13ஐப் படித்துப் பாருங்கள். தோலை உற்றுப் பார்ப்பான், மயிரின் நிறத்தைப் பார்ப்பான், சந்தேகமிருந்தால் ஏழு நாள் அடைத்துவைத்து மறுபடி பார்ப்பான், தேவைப்பட்டால் இன்னும் ஏழு நாள். அன்றைய பரிசோதனை அதுதான். குணமாக்கினவரே பரிசோதனைக்கு அனுப்பினார். போய்க் காட்டியது அவர்களுடைய விசுவாசத்தைக் குறைத்துவிடவில்லை. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி சோதனைக்குப் போகிற ஒரு விசுவாசி அதே வரிசையில்தான் நிற்கிறார்.

எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழத்து அடையை வைத்துப் பற்றுப்போடச் சொன்னவர் ஏசாயா தீர்க்கதரிசி. அதுவும் ஆண்டவர் அந்த ராஜாவுக்கு ஆயுசைக் கூட்டித் தருவதாக வாக்களித்த பிறகு! தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனங்களுக்கும் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார் பவுல். தன்னோடு பயணித்த துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்றும் எழுதுகிறார். தன் மாம்சத்தில் முள்போல் இருந்த உபாதை நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டும், “என் கிருபை உனக்குப்போதும்” என்ற பதிலைத்தான் பெற்றார். பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று எந்த ஊழியக்காரராவது சொல்வாரா?

கத்தோலிக்க நண்பர்கள் வேளாங்கண்ணியைக் கீழைநாட்டு லூர்து என்பார்கள். அந்த பிரான்சு லூர்து நகரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். குணமானதாகச் சொல்கிறவர்களை ஆராய 1883 முதல் அங்கே ஒரு மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. முன்பு என்ன நோய், என்ன ஆதாரம், குணம் முழுமையானதா, நிலைத்திருக்கிறதா, எடுத்துக்கொண்ட சிகிச்சையால் வந்ததா என்றெல்லாம் ஆண்டுக்கணக்கில் அலசுவார்கள். சுமார் 7,000 பேர் பதிவாகியிருக்கிறார்கள். திருச்சபை அற்புதம் என்று அறிவித்தது 70க்குச் சற்று மேல்தான். 2008இல் குணமான ஒரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரி விஷயத்தில் அறிவிப்பு வந்தது 2018இல். பத்து வருடம் பொறுத்திருந்தார்கள். நம் ஊரில் பத்து நிமிடத்தில் மைக்கைக் கையில் கொடுத்துவிடுகிறோம்.

ஜெபத்தால் குணம் உண்டா என்று ஆராய்ச்சி செய்திருக்கிறார்களா எனச் சிலர் கேட்பார்கள். செய்திருக்கிறார்கள். 2006இல் அமெரிக்காவில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஓர் ஆய்வு வெளியானது. மற்றவர்கள் ஜெபித்ததால் சிக்கல்கள் குறையவில்லை. ‘உங்களுக்காக ஜெபிக்கிறார்கள்’ என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களுக்குச் சிக்கல் கொஞ்சம் கூடவே இருந்தது. இதைக் காட்டி ஜெபம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆண்டவரைக் குலுக்கல் முறையில் சோதித்துப் பார்க்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ஜெபத்தை மருந்தின் இடத்தில் வைக்க அந்த ஆய்வு துளியும் இடம் தரவில்லை. சபை தரும் நன்மையை நான் கண்ணால் பார்க்கிறேன். டயாலிசிஸ் நோயாளியை வாரம் தவறாமல் வண்டியில் கூட்டிவருகிறவர்கள், வார்டில் இரவு துணைக்குப் படுக்கிறவர்கள், மருந்துக்குக் காணிக்கை சேர்க்கிறவர்கள். இப்படிப்பட்டவர்களுக்கு நடுவில் இருக்கும் நோயாளி மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறார்.

உபவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை. லெந்து நாட்களிலும் 21 நாள், 40 நாள் உபவாசங்களிலும் சர்க்கரை நோயாளிகள் டாக்டரிடம் சொல்லாமல் இறங்கிவிடுகிறார்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிட்டுவிட்டுப் பட்டினி கிடந்தால் சுகர் தாழ்ந்துபோகும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை மாத்திரைகளில் சுகர் பெரிதாக ஏறாமலே ரத்தம் அமிலமாகலாம், மீட்டரில் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். உபவாசம் தொடங்குமுன் வந்து பேசுங்கள். மாத்திரையை மாற்றித் தர முடியும், சிலருக்கு வேண்டாம் என்றும் சொல்வோம். வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறினால், அல்லது சுகர் 70க்குக் கீழே போனால், ஜெபத்தின் நடுவே என்றாலும் அந்த நிமிடமே சர்க்கரை சாப்பிட வேண்டும்.

வலிப்பு நோய்க் குழந்தைகளை நினைத்தால் எனக்குக் கோபமே வரும். வலிப்பு மூளையின் மின் ஓட்டத்தில் வரும் கோளாறு. அதை அசுத்த ஆவி என்று சொல்லி, மாத்திரையை நிறுத்தி, ராத்திரி முழுக்கத் தூங்கவிடாமல் வைத்து ஜெபிக்கிறார்கள். தூக்கமின்மையும் மருந்து நிற்பதும் சேர்ந்தால் வலிப்பு வரத்தான் செய்யும். அதைக் காட்டி ‘பிசாசு எதிர்க்கிறது’ என்பார்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் வலிப்பு நிற்கவில்லையென்றால் உயிருக்கு ஆபத்து, 108க்கு அழையுங்கள். குறைந்தது இரண்டு வருடமாவது வலிப்பு வராமலிருந்தால்தான் மருந்தைக் குறைப்பதைப் பற்றி யோசிக்கவே செய்வோம். அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைப்போம்.

இதில் யாரும் கண்டுகொள்ளாத வேதனை ஒன்று உண்டு, குணமாகாதவரின் குற்றவுணர்வு. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போன ஓர் அக்கா மாத்திரையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துச் சாப்பிட்டு வந்தார். ஜெபக்குழுவினர் வீட்டுக்கு வந்தால் பார்த்துவிடுவார்களாம். ‘இன்னும் மாத்திரையா, சிஸ்டர்?’ என்று ஒரு முறை கேட்டதை அவரால் மறக்க முடியவில்லை. வலியைவிட அந்தக் கேள்விதான் அவரை வாட்டியது. பிறவிக் குருடனைக் காட்டி யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனுடையதும் அல்ல, பெற்றவர்களுடையதும் அல்ல என்றார் இயேசு. நீடித்த நோயோடு வாழ்கிறவரிடம் பாவத்தையும் விசுவாசக் குறைவையும் தேடுகிறவர்கள் யோவான் 9ஐ ஒரு முறை வாசிக்க வேண்டும்.

பாஸ்டர்களே, சபை ஐயர்மார்களே, எங்களைவிட உங்கள் வார்த்தையைத்தான் ஜனங்கள் கேட்கிறார்கள். தலையில் கை வைத்து ஜெபித்து முடித்ததும், “மாத்திரைய விடாதீங்க, டாக்டரப் பாத்துட்டு வந்து சாட்சி சொல்லுங்க” என்று ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லுங்கள். இது உங்கள் ஊழியத்துக்கு அந்நியமானதும் இல்லை. நெய்யூரில் 1838இலும் வேலூரில் 1900இலும் மருத்துவப் பணியைத் தொடங்கிய மிஷனரிகள் ஜெபிக்கத் தெரியாதவர்களா?

ஏற்கெனவே நிறுத்திவிட்டீர்கள் என்றால், திட்டுவார்களோ என்று பயந்து தள்ளிப்போடாதீர்கள், இன்றைக்கே வாருங்கள். டைப் 1 என்றால் ஒரு வேளைகூடத் தாமதிக்கக் கூடாது, இன்சுலின் உடனே தொடங்க வேண்டும். மற்ற மருந்துகளைப் பழைய அளவிலேயே நீங்களாகத் திரும்ப ஆரம்பிக்கவும் வேண்டாம். லாமோட்ரிஜின் போன்ற வலிப்பு மாத்திரை சில நாட்கள் விட்டுப்போனால் மறுபடி குறைந்த அளவிலிருந்துதான் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் தோலில் கடுமையான ஒவ்வாமை வரலாம். பழைய சீட்டையும், மிச்சமிருக்கும் மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுவாருங்கள். எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.