"நாய் வாய்னா நாறத்தான் செய்யும்" என்று இனியும் சொல்லாதீர்கள்

கண்ணுக்குக் கீழே வீக்கம் என்று ஒரு பொமரேனியனைத் தூக்கி வந்தார்கள். பூச்சி கடித்திருக்கும் என்று நினைத்து, ஒரு வாரமாகக் கண்ணில் சொட்டு மருந்து விட்டிருக்கிறார்கள். உதட்டைத் தூக்கினேன். மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் இருந்த இடமே தெரியாமல் பழுப்புக் காறை மூடியிருந்தது. வேரில் சீழ் கட்டித்தான் அந்த வீக்கம். வாய் நாறவில்லையா என்று கேட்டால், "நாய் வாய்னா நாறத்தானே செய்யும் டாக்டர்!"

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. நாறாதுங்க. நல்ல நிலையில் இருக்கும் நாயின் வாயில் லேசான வாடை இருக்கலாம், அவ்வளவுதான். மடியில் வந்து உட்கார்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறீர்கள் என்றால் அது பெரும்பாலும் ஈறு நோய். சாப்பாட்டை மாற்றியோ வாசனை ஸ்ப்ரே அடித்தோ தீராது. "நல்லாத்தான் சாப்பிடுறான்" என்பதும் சமாதானம் ஆகாது. வலியோடும் நாய் சாப்பிடும். ஒரு பக்கமாக மென்றோ, மெல்லாமலே விழுங்கியோ சமாளித்துக்கொள்ளும்.

பெரிய நாய்க்கும் 42 பல், உள்ளங்கை அளவு சிவாவா இன நாய்க்கும் 42 பல். அந்தச் சின்னத் தாடையில் எல்லாம் நெருக்கியடித்து முளைக்கின்றன. இடுக்கில் அழுக்கு தங்குகிறது. ஏழு மாதம் ஆகியும் பால் கோரைப்பல் விழாமல் புதுப்பல்லோடு ஒட்டி நின்றால் காட்டிவிடுங்கள், எடுத்துவிட வேண்டும். இப்படிச் சின்ன இன நாய்களின் கீழ்த்தாடை எலும்பு மெல்லியது. முற்றிய ஈறு நோய் அதை அரித்துவிட்டால், சோபாவிலிருந்து குதித்தாலே முறியலாம்.

தினமும் துலக்குங்கள். முதலில் விரலால் ஈறைத் தொட்டுப் பழக்குங்கள், அப்புறம் மென்மையான பிரஷ். பல்லின் வெளிப்பக்கம் மட்டும் போதும். நாய்களுக்கான பேஸ்ட்தான்; உங்களுடையதைத் தொடவே தொடாதீர்கள். அதற்குத் துப்பத் தெரியாது. சில பேஸ்ட்களில் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டி நாயின் ரத்தச் சர்க்கரையைச் சரசரவென்று இறக்கி உயிருக்கே உலை வைக்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள், பல் உடையும்.

மயக்க மருந்து இல்லாமல் சுத்தம் செய்கிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். வெளியே பளபளப்பாகும், ஈறுக்கு அடியில் இருப்பது அப்படியே இருக்கும். "வயசாச்சு, மயக்கம் தாங்குமா?" என்பது நியாயமான பயம். அதற்காகத்தான் முன்கூட்டியே ரத்தப் பரிசோதனையும் இதயப் பரிசோதனையும் செய்கிறோம். வயது ஒன்றே தடையாகிவிடாது.

தயவுசெய்து இன்று ராத்திரி உதட்டைத் தூக்கிக் கடைசிப் பல் வரை பாருங்கள். ஈறு ஓரம் சிவந்து கோடு போட்டிருந்தால், இந்த வாரமே அழைத்து வாருங்கள்.