குளோரின் போட்டும் குளம் ஏன் பச்சையாகவே இருக்கிறது?

புரட்டாசி விரதம் முடிந்து, தீபாவளிக்கு விருந்தாளிகள் வரப்போகும் நேரத்தில்தான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் போன் ஓயாமல் அடிக்கும். குளிர்காலம் முழுக்க யாரும் இறங்காத நீச்சல்குளம் பச்சையாகிக் கிடக்கும். "வாளி வாளியாகக் குளோரின் கொட்டியாச்சு தம்பி, ஒண்ணும் ஆகல" என்பார்கள். சாட்ஸ்வர்த் ஆனாலும் உம்லாங்கா ஆனாலும் இதே பேச்சுதான். போய்ப் பார்த்தால் பல வீடுகளில் தண்ணீரில் குளோரின் இருக்கும். ஆனால் அது வேலை செய்யாது.

முதல் காரணம் பிஎச், அதாவது தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் அளவு. கிருமியையும் பாசியையும் கொல்வது, குளோரின் தண்ணீரில் கரைந்து உண்டாகும் ஹைப்போகுளோரஸ் அமிலம். பிஎச் 7.5 இருக்கும்போது போட்ட குளோரினில் ஏறக்குறைய பாதிதான் அந்த வடிவில் இருக்கும். 8-க்கு ஏறினால் கால் பங்கு தேறினாலே அதிகம். உப்பிலிருந்து குளோரின் தயாரிக்கும் உப்புக் குளோரினேட்டர் வைத்த குளத்திலும், புதிதாக மார்பலைட் (சிமெண்ட் பூச்சு) பூசிய குளத்திலும் பிஎச் தானாகவே ஏறிக்கொண்டு போகும். அதனால் முதலில் பூல் ஆசிட் (ஹைட்ரோகுளோரிக் அமிலம்) விட்டு 7.2-க்கும் 7.6-க்கும் நடுவில் கொண்டுவாருங்கள். குளோரின் அப்புறம்.

இரண்டாவது காரணத்தைத்தான் பலர் கேள்விப்பட்டதே இல்லை: ஸ்டெபிலைசர், அதாவது சயனூரிக் அமிலம். இது கொஞ்சம் வேண்டும். இல்லாவிட்டால் டர்பன் வெயிலில் காலையில் போட்ட குளோரின் மதியத்துக்குள் காணாமல் போய்விடும். 30 முதல் 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் 30 முதல் 50 பங்கு) போதும். ஃப்ளோட்டரில் போட்டு மிதக்க விடுகிறோமே, அந்த டிரைகுளோர் என்ற குளோரின் மாத்திரை ஒவ்வொன்றும் கரையும்போது ஸ்டெபிலைசரையும் விட்டுச் செல்கிறது. 50,000 லிட்டர் குளத்தில் 200 கிராம் மாத்திரை ஒன்று சுமார் 2.2 பிபிஎம் சேர்க்கும். வாரம் இரண்டு மாத்திரை என்று ஐந்து மாதம் போட்டால் 90-ஐ நெருங்கிவிடும். குளோரின் ஆவியாகும், செலவாகும். ஸ்டெபிலைசர் அப்படியே தங்கும். அது கூடக்கூடக் குளோரினைக் கட்டிப்போட்டு வைக்கும். ஸ்டெபிலைசர் அளவில் ஏறக்குறைய 7.5 சதவீதம் குளோரின் இருந்தால்தான் பாசி அடங்கும் என்பது எங்கள் தொழிலில் புழங்கும் கணக்கு. ஸ்டெபிலைசர் 90 இருந்தால் குளோரின் ஏழு பிபிஎம் வேண்டியிருக்கும்; டப்பாவில் போட்டிருக்கிற ஒன்று, மூன்று பிபிஎம் எல்லாம் அங்கே எடுபடாது. இதைக் குறைக்கக் கடையில் மருந்து தேடி அலைய வேண்டாம். பாதித் தண்ணீரை வெளியேற்றிப் புதிதாக நிரப்பினால் ஸ்டெபிலைசரும் பாதியாகும்.

சோதனைக் குழாயும் சில சமயம் ஏமாற்றும். டிபிடி என்ற மருந்து போட்டுப் பார்க்கும் சோதனையில் குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பு வரும். குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்த நிறமே வெளுத்துப்போய், சுத்தமாக இல்லாதது போலக் காட்டும். மருந்து விழுந்ததும் ஒரு நொடி சிவப்பு மின்னி மறைகிறதா என்று உற்றுப் பாருங்கள். மறைந்தால், ஒரு பங்கு குளத்து நீரில் நான்கு பங்கு பாட்டில் தண்ணீர் கலந்து மறுபடி சோதித்து, வருகிற எண்ணை ஐந்தால் பெருக்குங்கள். மஞ்சள் நிறம் காட்டும் பழைய சொட்டு மருந்து மொத்தக் குளோரினை மட்டுமே சொல்லும். எவ்வளவு வேலைக்கு உதவும் என்பது அதில் தெரியாது.

கண் எரிகிறது, வாடை மூக்கில் ஏறுகிறது என்றால் குளோரின் ஜாஸ்தி என்று நினைத்து நிறுத்திவிடுகிறார்கள். அந்த வாடை குளோரமீனுடையது. வியர்வை, சிறுநீரோடு சேர்ந்து சோர்ந்துபோன குளோரின் அது. அதை எரித்துத் தள்ள இன்னும் குளோரின்தான் வேண்டும். 50,000 லிட்டருக்குச் சுமார் 750 கிராம் குருணைக் குளோரின் (கால்சியம் ஹைப்போகுளோரைட்) பத்து பிபிஎம் கொடுக்கும். பொழுது சாய்ந்த பிறகு, வாளியில் தண்ணீர் பிடித்து அதில் மருந்தைப் போட்டுக் கரைத்து, மோட்டார் ஓடும்போது ஊற்றுங்கள். மருந்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அளவு இறங்கும்வரை பிள்ளைகளைக் குளத்தில் விட வேண்டாம்.

இதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: குருணைக் குளோரினும் டிரைகுளோர் மாத்திரையும் ஒன்றாகச் சேரவே கூடாது. மாத்திரை இருந்த ஃப்ளோட்டரில் மிச்சம் ஒட்டியிருக்க, அதிலேயே குருணையைப் போட்டால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். இரண்டுக்கும் ஒரே கரண்டியும் ஆகாது. பூல் ஆசிட் குளோரினில் பட்டால் நச்சு வாயு கிளம்பும். கராஜில் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்திருக்கும் வீடுகள் எத்தனையோ.

தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தும் பச்சையாகத் தெரிந்தால் அது பாசி இல்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் செம்பு உலோகம். அதற்கு மேலும் குளோரின் கொட்டினால் சுவரில் கறைதான் படியும்.

எல்லாம் சரியாக இருந்தும் பச்சை திரும்பத் திரும்ப வருகிறதா? மோட்டார் பெட்டியைத் திறந்து டைமரைப் பாருங்கள். பல்சக்கர டைமர் கரண்ட் போனால் நின்றுவிடும். லோட் ஷெடிங் (முறைவைத்துக் கரண்ட் நிறுத்துவது) இருந்த காலத்தில் ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கிப்போனது. பகலில் ஓட வேண்டிய மோட்டார் நடு ராத்திரியில் ஓடிக்கொண்டிருக்கும். கடிகாரத்தைப் பார்த்து அந்தச் சக்கரத்தைத் திருப்பி வைக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.