நியூ டீல்: தமிழில் எப்படிச் சொல்வது?

1930களின் பொருளாதாரப் பெருமந்தத்திலிருந்து அமெரிக்காவை மீட்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூசவெல்ட் எடுத்த நடவடிக்கைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து வழங்கும் பெயர் நியூ டீல். தமிழில் இதைப் 'புதிய ஒப்பந்தம்' என்று எழுதுவதுண்டு. படிப்பவர், யாருக்கும் யாருக்கும் இடையே ஒப்பந்தம் என்றுதான் தேடுவார். அப்படி எதுவும் கையெழுத்தாகவில்லை.

டீல் என்ற சொல்லின் வேருக்குப் பழைய ஆங்கிலத்தில் பங்கு, பகிர்வு என்று பொருள். பேரம், உடன்பாடு என்ற பொருளெல்லாம் பின்னால் வந்தவை. சீட்டாட்டத்தில் ஆளுக்கு இத்தனை என்று சீட்டுப் போடுவதும் டீல்தான். கலைத்து மறுபடி போட்டால் அது நியூ டீல். ஃபிராங்க்ளினின் தூரத்து உறவினரான தியோடர் ரூசவெல்ட் முன்பே 'ஸ்கொயர் டீல்' என்று பேசியிருந்தார். ஏமாற்றில்லாத பங்கு என்பது அதன் கருத்து. 1932 ஜூலை 2 அன்று சிகாகோவில், அதிபர் வேட்பாளராக நிற்க ஒப்புக்கொண்டு பேசிய ஃபிராங்க்ளின், அமெரிக்க மக்களுக்கு ஒரு நியூ டீல் தருவதாக வாக்களித்தார். பத்திரிகைகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டன.

அவர் பதவியேற்ற 1933 மார்ச்சில் நாலு பேரில் ஒருவருக்கு வேலை இல்லை. ஆயிரக்கணக்கான வங்கிகள் ஏற்கெனவே மூழ்கியிருந்தன. மார்ச் 6 முதல் நாட்டின் எல்லா வங்கிகளையும் மூடச் சொன்னார். 12ஆம் தேதி இரவு வானொலியில், நீங்கள் போடும் பணத்தை வங்கி பெட்டகத்தில் பூட்டி வைப்பதில்லை, கடனாகக் கொடுத்துப் புழங்கவிடுகிறது என்று பாமரருக்கும் புரியும்படி விளக்கினார். மறுநாள் பெரிய நகரங்களில் வங்கிகள் திறந்தபோது, பணத்தைத் திரும்பப் போடுவதற்கு மக்கள் வரிசையில் நின்றார்கள். 1934 தொடக்கத்திலிருந்து 2,500 டாலர் வரையிலான வைப்புக்குக் காப்பீடும் வந்தது. மீட்சியில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான்: முதலில் பயம் போக வேண்டும், அப்புறம்தான் பணம் புழங்கும்.

அடுத்தது வேலை. அரசின் காடு வளர்க்கும் பணியில் சேர்ந்த இளைஞருக்கு மாதம் 30 டாலர் சம்பளம். அதில் சுமார் 25 டாலர் நேரே வீட்டுக்குப் போனது. அந்தப் பணம் பூட்டிக் கிடக்காது, உடனே அரிசி பருப்புக் கடைக்குப் போகும் பணம். 1937இல் வரவு செலவைச் சமன் செய்ய அரசு செலவைச் சுருக்கியதும் பொருளாதாரம் மறுபடி சரிந்தது. முழு மீட்சி இரண்டாம் உலகப் போர்க்கால உற்பத்தியோடுதான் வந்தது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'புதுப் பங்கீடு' என்பேன். பங்கீடு என்றதும் ரேஷன் அட்டை நினைவுக்கு வரும். வரட்டும், வேர்ப்பொருளுக்கு அது தூரமில்லை. ஒப்பந்தம் என்றால் எழாத ஒரு கேள்வியும் பங்கீடு என்றால் எழும்: யாருக்குக் கிடைக்கவில்லை? 1935இன் சமூகப் பாதுகாப்புச் சட்டம் முதியோர் ஓய்வூதியம் கொண்டுவந்தபோது பண்ணைத் தொழிலாளர்களையும் வீட்டு வேலை செய்பவர்களையும் வெளியே விட்டது. அன்று கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் செய்த வேலைகள் அவை.